மூடியைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்

தொழிற்சாலைகள் வியட்நாமுக்கும் மெக்சிகோவுக்கும் நகர்வதால் உலகம் சீனாவை நம்பியிருப்பது குறைகிறது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்குப் பாதிதான் உடன்பாடு. 2023-ல் அமெரிக்காவுக்கு அதிகம் சரக்கு அனுப்பிய நாடு என்ற இடத்தைச் சீனாவிடமிருந்து மெக்சிகோ பிடித்தது, சரி. ஆனால் ‘வியட்நாமில் தயாரானது’ என்று அச்சிட்ட ஒரு ஹெட்போனின் மூடியைக் கழற்றினால், உள்ளே நகக்கண் அளவில் இருக்கும் காந்தம் பெரும்பாலும் சீனாவில் செய்ததாகத்தான் இருக்கும். இது அரியமண் தனிமங்கள் கலந்து செய்யும் வலுவான காந்தம்; உலகின் அரியமண் காந்தங்களில் சுமார் 90 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது. ஆக, முன்பு ஒரே பயணமாகப் போன சரக்கு இப்போது இரண்டு கட்டமாகப் போகிறது. சிக்கிக்கொள்ள இடமும் கூடிவிட்டது.

உதாரணமாக, 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல்கள் தொடங்கியதும், பல கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. ஆசியா–ஐரோப்பா பயணத்தில் ஏறக்குறைய பத்து நாள் கூடுதல். அத்தனை நாளும் கன்டெய்னர் கடலிலேயே கிடக்கும். அப்புறம் காலிப் பெட்டி திரும்பி வரவும் தாமதம். சரக்கு தயாராக இருக்கும், ஏற்றப் பெட்டி இருக்காது. கட்டுரையில் இந்தக் காலிப் பெட்டிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறையாகப் படுகிறது.