ரத்தம் பாத்தாச்சு, வயித்த பாத்தீங்களா?

தம்பிக்கு குளோசபின்ங்கற மனநல மாத்திரை ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆகுது. வேற எந்த மாத்திரைக்கும் அடங்காம, காதுல குரல் கேக்குதுன்னு விடிய விடிய நடந்துட்டு இருந்தவன் இன்னைக்கு அம்மாகூட உக்காந்து காய் நறுக்கறான்னா அது இந்த மாத்திரையாலதான். அதனால இத படிச்சிட்டு யாரும் பயந்து நிறுத்திடாதீங்க. அவன்கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன்.

ரத்த டெஸ்ட் பத்தி டாக்டர் நல்லாவே சொன்னாங்க, முதல் 18 வாரம் வாராவாரம், ஏன்னா சிலருக்கு வெள்ளை அணு குறைஞ்சு சாதாரண தொண்டை வலியே உயிருக்கு ஆபத்தாயிடும். 1975-ல பின்லாந்துல எட்டு பேர் இப்படி செத்துப்போய் பல நாட்டுல மருந்தையே நிறுத்திட்டாங்க, அப்புறம் 1989-லதான் ரத்தம் பாத்தாதான் மாத்திரைங்கற கண்டிஷனோட அமெரிக்கால அனுமதிச்சாங்க. நாங்களும் ஒரு வாரம் விடல. ஆனா மோஷன் ஒழுங்கா போறானான்னு ஒருத்தர் கேக்கல, நாங்களும் கேக்கல.

மூணாவது வருஷம் ஒரு நாள் சாப்பாடு வேணாம்னுட்டான். வயிறு உப்பி கல்லு மாதிரி இருக்கு, அம்மா கேஸுன்னு ஓமத்தண்ணி வெச்சு குடுக்கறாங்க, வலிக்குதாடான்னா லேசாங்கறான். ராத்திரி பச்சையா வாந்தி. எமர்ஜென்சில டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே எத்தனை நாளா போகலங்கறதுதான். நானும் அம்மாவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறோம். அவன்தான் மெதுவா சொன்னான், "ஒம்போது நாள்க்கா." ஒரே வீட்ல இருந்துட்டு எனக்கு தெரியல.

குளோசபின் குடலோட அசைவையே மந்தமாக்கிடும். முத்திப்போனா குடல் அடைச்சு ஓட்டை விழுந்து உயிரே போகும். 2020-ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு இதுக்குன்னே எச்சரிக்கைய இன்னும் கடுமையாக்கினாங்க. இவ்ளோ தெரிஞ்ச விஷயத்த மாத்திரை எழுதும்போதே ஏன் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு எனக்கு இன்னும் ஆத்திரமா வருது. மலமிளக்கி சேத்து எழுத எவ்ளோ நேரம் ஆகப்போகுது?

இப்ப சமையக்கட்டு காலண்டர்ல தினம் அவனே ஒரு டிக் அடிக்கறான். ரெண்டு நாள் டிக் இல்லன்னா டாக்டருக்கு போன்.

மாத்திரை புதுசா ஆரம்பிச்சவங்க முதல் ரெண்டு மாசம் காய்ச்சல், படபடப்பு, நெஞ்சு வலி எது வந்தாலும் அன்னைக்கே போங்க, இதயத் தசைல வீக்கமா இருக்கலாம். அப்புறம் சிகரெட். திடீர்னு விட்டா ரத்தத்துல குளோசபின் அளவு ஏறிடும். விடறது நல்லதுதான், ஆனா விடறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, டோஸ குறைக்க வேண்டியிருக்கும்.