மார்க் பிளாக் அப்படி எழுதவில்லை

'1940-ல் ஜெர்மனி படையெடுத்தபோது பிரெஞ்சு வீரர்கள் சண்டையே போடாமல் கையைத் தூக்கினார்கள், பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் பிளாக்கே இதைச் சிறையில் இருந்து எழுதினார்' என்று ஒரு ஃபார்வர்ட் சுற்றுகிறது. இரண்டுமே தப்பு.

ஆறே வாரத்தில் 50,000-க்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் செத்திருக்கிறார்கள், இதுவா சண்டை போடாதது? 53 வயதில் கேப்டனாக, பிரெஞ்சு முதலாம் படைக்குப் பெட்ரோல் போய்ச் சேருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த பிளாக், உடனடிக் காரணம் தளபதிகளின் திறமையின்மை என்றுதான் எழுதினார்: ஜெர்மானியர்கள் வேகத்தை நம்பிப் போரிட, பிரெஞ்சுத் தளபதிகள் 1918-லேயே, அதாவது முதல் உலகப் போர் முறையிலேயே, நின்றுவிட்டார்கள், கொஞ்சம் பின்வாங்கி அணிவகுப்பதற்குள் எதிரி அங்கே வந்துவிடுகிறான். அதற்காக மற்றவர்களை அவர் விட்டுவிடவும் இல்லை, தன் தலைமுறைப் படிப்பாளிகளையும் சேர்த்தே திட்டினார்.

சரி, சிறைக் கதை? வட பிரான்சின் டன்கிர்க் துறைமுகத்தில் தப்பி இங்கிலாந்து வழியாக பிரான்சுக்குத் திரும்பியவர், அங்கே ரென் நகருக்குள் ஜெர்மானியர்கள் நுழைந்ததும் சீருடையைக் கழற்றிவிட்டு ஓட்டலில் சொந்தப் பெயரிலேயே அறை எடுத்தார். நரைத்த பேராசிரியரை யார் சந்தேகப்படப் போகிறார்கள்! இந்தத் தோல்வியைப் பற்றிய 'விசித்திரமான தோல்வி' என்ற புத்தகத்தை அந்த 1940 கோடையிலேயே கிராமத்து வீட்டில் எழுதி முடித்தார். பிறகு ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு எதிரான ரகசிய எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்து, லியோன் நகரில் பிடிபட்டு, சித்திரவதைக்குப் பின் சுடப்பட்டது 1944 ஜூன் 16-ல். புத்தகம் வெளிவந்தது 1946-ல்.