பெரிய டேங்க் கிளீனர் மீனை அள்ளினால் மகாவலி சுத்தமாகிவிடுமா?

கண்டிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. மகாவலி ஆற்றின் பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் இருக்கிற பெரிய டேங்க் கிளீனர் மீன்களை ஒரு சீசன் வலை போட்டு அள்ளினால் அந்த இனமே முடிந்துவிடுமாம், அமெரிக்காவின் இலினோய் ஆற்றில் கெண்டையை அப்படித்தான் ஒழித்தார்களாம்.

தவறு. அங்கே வெள்ளிக் கெண்டை இன்னும் துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. சின்ன மீனையும் சேர்த்து ஆண்டுக்கு 70 சதவீதமாவது பிடித்தால்தான் கூட்டம் சரியும் என்று 2013இல் வெளியான ஒரு கணக்கீடு சொன்னது.

பெரியதை மட்டும் எடுத்தால் என்ன ஆகும்? இரையும் இடமும் மிச்சமாகி, வழக்கமாகச் செத்துப்போகிற குஞ்சுகளில் நிறைய பிழைத்துக்கொள்ளும். நியூயார்க் மாநிலத்து லிட்டில் மூஸ் ஏரியில் 2000ஆம் ஆண்டிலிருந்து பாஸ் என்ற மீனை விடாமல் அகற்றிப் பார்த்தார்கள், அதன் குட்டி மீன்கள்தான் கூடின.

டேங்க் கிளீனர் இன்னும் மோசம். தென் அமெரிக்காவிலிருந்து கண்ணாடித் தொட்டிக்கு வந்த மீன் அது. கரையில் வளை தோண்டி அதற்குள் முட்டையிடும், ஆண் மீன் காவல் இருக்கும், அங்கே எந்த வலை போகும்? வலையில் விழுந்தாலும் முள்ளுச் செட்டையை விரித்துக்கொள்வதால் கண்ணி கண்ணியாக அறுத்துத்தான் எடுக்க வேண்டும். சரி, பிடிக்கவே வேண்டாமா என்றால், தாராளமாகப் பிடிக்கலாம், ஆனால் சின்னதைத் திரும்ப ஆற்றில் விடாமல், வருடா வருடம்.