அரிசி மாறியது, அளவு மாறவில்லை

பத்து வருடமாக எங்கள் வீட்டில் இரவுக்குச் சப்பாத்திதான். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே அம்மா ராத்திரிச் சாதத்தை நிறுத்திவிட்டார். அப்பாவும் நான்கு சப்பாத்தியை உருளைக்கிழங்குக் குருமாவில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, சாதத்தைத் தொடவில்லை என்ற திருப்தியோடு படுக்கப் போவார். சுகர் மட்டும் இறங்கவே இல்லை. ஏன் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

போன வருடம் என் முறை வந்தது. வயது 46, எடை 67 கிலோ, பார்க்க ஒல்லிதான். வெறும் வயிற்றில் 104. "பார்டரில்தான் இருக்கிறது, இனிப்பைக் குறையுங்கள்" என்றார்கள். நான் காபியே சர்க்கரை போடாமல் குடிப்பவன், எதைக் குறைப்பது? ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c சோதனையில் 6.1 சதவீதம். அது 5.7ஐத் தொட்டாலே நோய்க்கு முந்தைய நிலை, 6.5 என்றால் நோய். கூடவே ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 212, ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. பஜ்ஜி கடைப் பக்கமே ஒதுங்காதவனுக்குக் கொழுப்பு எங்கிருந்து வந்தது?

சாதத்திலிருந்துதான். குவித்து வைத்துச் சாப்பிடும் சாதம் குடலைத் தாண்டும்போது குளுக்கோஸாகிவிடுகிறது. இன்சுலின் அதைத் தசைக்கும் கல்லீரலுக்கும் அனுப்பப் பார்க்கிறது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் தசையில் பழைய இருப்பே தீர்ந்திருக்காது. மிஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக்கி, கொஞ்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மீதியை ட்ரைகிளிசரைடாக ரத்தத்தில் விடுகிறது. கொழுப்பேறிய கல்லீரல் பிறகு இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை. ராத்திரி நாம் தூங்கும்போதும் சர்க்கரையை அவிழ்த்துவிட்டுக்கொண்டே இருக்கிறது. காலையில் வரும் 104 அப்படி வந்ததுதான்.

ஒல்லியாக இருப்பதை நம்பியும் பயனில்லை. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் உடம்பையே ஆதாரமாக்கி ஒரு பக்கம் எழுதினார்கள்: புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், பிரிட்டனின் ஜான் யட்கின். உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. சட்டைக்குள் இருக்கும் இந்தக் கணக்கு எடை மெஷினில் தெரியாது. நம் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறார்கள். என்னுடையது 94. கால் குச்சி, கை குச்சி, வயிறு மட்டும் பானை.

உடனே வீடு சிறுதானியத்துக்கும் பாரம்பரிய அரிசிக்கும் மாறியது. காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் மாப்பிள்ளைச் சம்பா, மாலைக் காபிக்குக் கருப்பட்டி. (கருப்பட்டியும் சர்க்கரைதான் என்று சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள்.) குளுக்கோமீட்டர் வாங்கி நானே விரலைக் குத்திப் பார்த்தேன். நான்கு இட்லி, சாம்பார்: இரண்டு மணி நேரம் கழித்து 168. பெரிய டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி: 181. நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிவிட்டால் கேழ்வரகும் விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறிவிடுகிறது. இரண்டு இட்லி, இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் பீன்ஸ் பொரியல்: 129. இது என் உடம்பின் கணக்கு. உங்களுடையது வேறாக இருக்கலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) துணையோடு நாடு முழுவதும் நடந்த 'இந்தியாப்' (INDIAB) சர்க்கரை நோய் ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானது. நாம் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிடுவது சர்க்கரை நோயின் ஆபத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது அது. அப்பாவின் பத்து வருடச் சப்பாத்தியை நினைத்துக்கொண்டேன். மாவுச்சத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் பொருள்கள் வந்தவர்களிடம்தான் ஆபத்து குறைவாகத் தெரிந்தது.

இப்படி எழுதுவது எனக்குச் சுலபம். ரேஷனில் அரிசி இலவசம். துவரம் பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு அந்த ஒரு கிலோ எத்தனை நாள் வரும்? தினக்கூலிக்குப் போகிறவரிடம் "சாதத்தைக் குறைத்துப் புரதம் சேருங்கள்" என்று சொல்லும் டாக்டர், அவருடைய மளிகைச் சீட்டைப் பார்த்ததில்லை. அரிசி பசியை ஒழித்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது அந்தக் கடையிலேயே கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் கிடைத்தால் என்ன என்றுதான் கேட்கிறேன். சாப்பாட்டை மாற்றினால் பலன் உண்டு என்பது சென்னையிலேயே நிரூபணமான விஷயம். டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்குச் சாப்பாட்டையும் நடையையும் மட்டும் சீர்செய்து பார்த்தது. மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு வந்திருக்க வேண்டிய நோய், 39 சதவீதத்தோடு நின்றது. 2006இலேயே வெளியான முடிவு. இன்னமும் வாட்ஸ்அப்பில் வெண்டைக்காய் ஊறிய தண்ணீர்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நான் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. பொரியலையும் சுண்டலையும் முதலில் தின்றுவிடுகிறேன், சாதம் கடைசியில், ஒரு கிண்ணம். சாப்பிட்ட கையோடு மொட்டை மாடியில் கால் மணி நேரம் நடை; நடக்கும் தசை இன்சுலினுக்குக் காத்திராமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். எட்டு மாதத்தில் சராசரி 5.8, ட்ரைகிளிசரைடு 148. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சாதத்தில் கை வைக்காதீர்கள், சுகர் திடீரென்று தாழ்ந்துவிடலாம்.

அம்மா மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. நேற்று, "கேழ்வரகுப் புட்டு செய்யட்டுமா? அது உனக்கு நல்லதுதானே?" என்றார். ஒரு குழல் போதும் என்றேன். தட்டில் இரண்டு குழல் வந்தது. பக்கத்தில் ஒரு வாழைப்பழம்.