இரண்டாவது கேள்விக்குத் தயாராகுங்க, மக்களே

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், கேரள எல்லையை ஒட்டிய நம் குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், கருங்கல், களியக்காவிளைப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். பி.எஸ்சி. நர்சிங்கா, பிசியோதெரபியா, லேப் டெக்னாலஜியா? நாகர்கோவிலா, திருவனந்தபுரமா? அப்ளிகேஷனுக்கு ஒரு மாதம் அலைகிற வீட்டில் இன்டர்வியூவுக்கு ஒதுக்குவது ஒரே ஒரு ராத்திரி. அந்த ராத்திரியிலும் பிள்ளை யாரோ எழுதிக் கொடுத்த ஆங்கிலப் பத்தியை உருப்போட்டுக்கொண்டிருக்கும். அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். படிப்புக்கு இந்தியாவில் இன்டர்வியூ கிடையாது. நீட் மதிப்பெண், தரவரிசை, கவுன்சலிங், அவ்வளவுதான். கவுன்சலிங்கில் இடத்தைத் தேர்வு செய்வார்கள், சான்றிதழ் பார்ப்பார்கள். கேள்வி கேட்டு மார்க் போட மாட்டார்கள். 'இன்டர்வியூவில் சரிக்கட்டி சீட் வாங்கித் தாறேன்' என்று பார்டருக்கு எந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இன்டர்வியூ வைப்பது நர்சிங், துணை மருத்துவப் படிப்புகளுக்குச் சில தனியார், மிஷன் கல்லூரிகள்.

உள்ளே பெரும்பாலும் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். பிரின்சிபால், ஒரு மூத்த ஆசிரியை, நிர்வாகத்திலிருந்து ஒருவர். முதல் கேள்வி ஊருக்கே தெரியும்: 'ஏன் நர்சிங்?' பதிலும் ஊருக்கே தெரியும்: 'மக்களுக்குச் சேவை செய்யணும்.' அது பொய்யில்லை. ஆனால் உடனே அடுத்தது வரும்: 'டீச்சரும் சேவைதானே செய்றாங்க, ஏன் நர்ஸ்?' அங்கே உருப்போட்டது தீர்ந்துபோகும். பிள்ளை உதட்டைக் கடிக்கும், அதே வரியை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். குழு உங்களை எடைபோடுவது இந்த இரண்டாவது கேள்வியில்தான் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு ஒரே வழி, கண்ணால் பார்த்த ஒரு காரியத்தைச் சொல்வது. தாத்தா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் கிடந்தபோது நைட் டூட்டி சிஸ்டர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைத்ததைப் பார்த்தீர்களா? அதையே சொல்லுங்கள். 'எதுக்குப் புரட்டினாங்க?' என்று கேட்பார்கள். ஒரே பக்கமாகக் கிடந்தால் குதிகால், இடுப்பு, முதுகின் அடி என எலும்பு முட்டுகிற இடத்தில் ரத்த ஓட்டம் அமுங்கி, முதலில் தோல் சிவக்கும், பிறகு படுக்கைப் புண்ணாகும். இவ்வளவு சொன்னால் போதும். இந்தப் பிள்ளைக்கு வேலை என்னவென்று தெரிந்திருக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். 'சேவை' என்ற சொல் அதற்குப் பிறகு தேவையே படாது.

பார்க்க வாய்ப்பே அமையவில்லையா? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் கேட்டு, இரண்டு காலை அங்கே போய் இருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டு வருகிறவர் உங்கள் தெருவுக்கும் வருவார். என்ன கேட்கிறார், என்ன எழுதுகிறார் என்று கவனியுங்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரையில் சொந்தக்காரர் இருந்தால், பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ் (தீராத நோயில் கிடப்பவர்களின் வலியையும் கஷ்டத்தையும் குறைக்கிறவர்) வீடு வீடாகப் போய் என்ன செய்கிறார் என்று விசாரியுங்கள்.

அடுத்தது சூழ்நிலைக் கேள்வி. ஒன்றை எடுத்துப் பார்ப்போம். 'பக்கத்து வீட்டுப் பிள்ளையை நாய் கடித்துவிட்டது. பாட்டி காயத்தில் மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் அப்பியிருக்கிறார். என்ன செய்வாய்?' பலர் 'ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவேன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், இறுக்கிக் கட்டக் கூடாது, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். இது பாதிப் பதில். மீதிப் பாதி பாட்டி. 'பாட்டி, பிள்ளைக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான் போட்டீங்க. இப்ப சேர்ந்து கழுவிடுவோம், தண்ணி ஊத்துங்க' என்று சொல்கிற பிள்ளையும், பாட்டியைத் திட்டுகிற பிள்ளையும் ஒன்றில்லை. திட்டு வாங்கிய பாட்டி அடுத்த முறை காயத்தையே மறைத்துவிடுவார்.

ரகசியம் பற்றியும் கேட்பார்கள். நீங்கள் வேலை செய்கிற லேபில், உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு ஹெச்.ஐ.வி. என்று ரிசல்ட் வருகிறது, அவருடைய அக்கா வந்து ரிசல்ட் கேட்கிறார். சொல்லக் கூடாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டமே அதைத் தடுக்கிறது. 'அவரிடமே கேளுங்க அக்கா' என்று முகம் கோணாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

கேரளத்துக் கல்லூரி என்றால் நிபா வைரஸ் காய்ச்சல் பற்றிய கேள்வி வரலாம். 2018 மே மாதம் பேராம்பிரை தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி, நோயாளியைக் கவனித்து அதே நோயில் இறந்தார். அந்தப் பெயரோடு நிறுத்தினால் 'அவருக்கு எப்படித் தொற்றியது, எப்படித் தடுக்கலாம்?' என்று தொடர்வார்கள். மாஸ்க், கையுறை, சோப்பால் 40 முதல் 60 விநாடி கை கழுவுவது வரை சொல்லத் தெரிய வேண்டும்.

மொழி விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு இருக்கிற கூச்சம் தேவையில்லாதது. 'தீனம்' (நோய்), 'மூச்சுமுட்டு' (மூச்சுத் திணறல்), 'தலைகிறக்கம்' (தலைசுற்றல்) என்று நோயாளி சொன்னதும் புரிகிற காது எல்லையோரத்துப் பிள்ளைக்குப் பிறப்பிலேயே கிடைத்தது. அதை ஒரு தகுதியாகவே சொல்லுங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் தொடங்குங்கள், சிறு வாக்கியமாக. சிக்கினால் 'தமிழில் சொல்லட்டுமா' என்று கேளுங்கள். கேட்பது குறையில்லை; தெரியாத கேள்விக்குத் தெரிந்ததுபோல் அளப்பதுதான் குறை. மருந்து விஷயத்தில் இப்படி அளக்கிறவரை எந்த வார்டும் நம்பாது.

பயிற்சிக்குப் பத்து நாள், தினம் இருபது நிமிடம். போனில் பேசி ரெக்கார்டு செய்யுங்கள், ஒரு பதில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கேட்டுப் பார்த்தால் முதலில் தெரிவது வேகம்; பயத்தில் எல்லோரும் ஓடுவார்கள். பையச் சொல்லுங்கள். நான்காம் நாளிலிருந்து நீங்கள் கூச்சப்படுகிற ஒரு பெரியவரை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு பதிலுக்கும் 'ஏன்?' என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். அம்மா வேண்டாம், பாவம் பார்த்து விட்டுவிடுவார்.

வெளிநாட்டுக்கு முயல்கிறவர்களுக்கு எம்.எம்.ஐ. (மல்டிபிள் மினி இன்டர்வியூ) என்ற முறை வரலாம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் உருவாக்கியது. ஒரே குழுவுக்குப் பதில் எட்டு, பத்து அறைகள். வழக்கமாகக் கதவில் ஒட்டிய சூழ்நிலையைப் படிக்க 2 நிமிடம், உள்ளே பேச 8 நிமிடம். ஒரு அறையில் சொதப்பினால் அதை அங்கேயே விட்டுவிட வேண்டும், அடுத்த அறையில் இருப்பவருக்கு அது தெரியாது.

சான்றிதழில் நம் பக்கத்துக்கென்றே இரண்டு சிக்கல் உண்டு. மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர் என்று இருந்தால் முன்கூட்டியே திருத்துங்கள். தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழை வைத்துக் கேரளத்தில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது, அங்கே பொதுப் பிரிவு என்றே கணக்குப் போடுங்கள். நர்சிங்குக்குச் சேருகிற ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் காலை பத்து மணிக்கு இன்டர்வியூ என்றால் களியக்காவிளையிலிருந்து பஸ்ஸை நம்பி எட்டரைக்குக் கிளம்பாதீர்கள். பாலராமபுரம் சந்திப்பில் மாட்டினால் வியர்த்து விறுவிறுத்துத்தான் உள்ளே போவீர்கள். குழித்துறையிலிருந்து காலை ரயிலைப் பிடியுங்கள். ஒரிஜினல் ஒரு ஃபைலில், ஜெராக்ஸ் இரண்டு செட் தனி ஃபைலில்.