ஃபோர்ஸ் ப்ளேஸ்டு ஃப்ளட் இன்ஷூரன்ஸ்: காசு நம்முடையது, காப்பு யாருக்கு?

ஹூஸ்டன் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன், கேட்டியோ சுகர்லேண்டோ பேர்லேண்டோ. மார்ட்கேஜ் கம்பெனியிடமிருந்து "உங்கள் ஃப்ளட் இன்ஷூரன்ஸ் ஆவணம் எங்களிடம் இல்லை" என்று கடிதம் வந்தால், வழக்கமாக வரும் விளம்பரத் தபால் என்று நினைத்து ஓரமாகப் போட்டுவிடாதீர்கள். உங்கள் தலையில் ஒரு பில் ஏற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வெள்ளக் காப்பீடு கட்டாயம் என்பதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. 1973-இல் வந்த சட்டம் அது. அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் வரைபடத்தில் ஏ அல்லது வி என்று தொடங்கும் மண்டலத்தில் வீடு இருந்து, கடன் கொடுப்பது அரசுக் கண்காணிப்பில் உள்ள வங்கியாக இருந்தால் ஃப்ளட் பாலிசி இல்லாமல் கடன் கிடையாது. ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற நிறுவனங்கள் வங்கிகளிடமிருந்து வாங்கும் கடன்களுக்கும் இதே கதைதான். அந்த மண்டலத்தில் வெள்ளம் வர ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்பு என்பார்கள். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் 30 வருடக் கடனுக்குக் கணக்குப் போட்டால் ஒரு தடவையாவது தண்ணீர் வர 26 சதவீத வாய்ப்பு. ஹார்வி புயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பார்க்கர், அடிக்ஸ் நீர்த்தேக்கங்களுக்குப் பின்னால் இருந்த வீடுகள் என்ன ஆயின என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் புயலில் ஹாரிஸ் கவுண்டியில் தண்ணீர் புகுந்த வீடுகளில் பெரும்பான்மை, கட்டாயக் காப்பீடு பொருந்தும் மண்டலத்துக்கு வெளியே இருந்தவை. அதனால் மண்டலத்துக்குள் இருப்பவர் காப்பீடு எடுக்கட்டும், வங்கி கேட்கட்டும், நியாயம்தான்.

என் கோபமெல்லாம் அந்தக் காப்பீட்டில் இடைவெளி விழும்போது வங்கிகள் அதைக் கையாளும் விதத்தில்தான்.

இடைவெளி என்றால் பாலிசி காலாவதியாவது மட்டுமில்லை, தொகை குறைந்தாலும் இடைவெளிதான். கடன் பாக்கி, கட்டடத்தின் காப்பீட்டு மதிப்பு (நிலத்தின் விலை சேராது), அரசு நடத்தும் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் உச்சத் தொகையான 2,50,000 டாலர், இந்த மூன்றில் எது குறைவோ அவ்வளவாவது இருக்க வேண்டும். பாக்கி 3,10,000, கட்டடம் 4,00,000, உங்களிடம் இருப்பது 1,50,000 டாலர் பாலிசி என்றால் ஒரு லட்சம் குறைகிறது. இது வங்கி கண்ணில் பட்டதும் உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும். 45 நாளுக்குள் நீங்கள் சரிசெய்யவில்லை என்றால் வங்கியே ஒரு பாலிசி வாங்கி பில்லை உங்கள் மேல் போட வேண்டும். போடலாம் இல்லை, போட்டே ஆக வேண்டும். இதற்குத்தான் ஃபோர்ஸ் ப்ளேஸ்டு என்று பெயர்.

சரி, 45 நாள் இருக்கிறதே, நிதானமாகப் பார்க்கலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் 2012-இல் வந்த பிக்கர்ட்-வாட்டர்ஸ் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, காப்பு விட்டுப்போன நாளிலிருந்தே ப்ரீமியம் வசூலிக்க வங்கிக்கு உரிமை உண்டு. கடிதம் தாமதமாக வந்திருந்தாலும் கணக்கு பின்னோக்கித்தான் போகும்.

அப்படி வாங்கும் பாலிசியாவது நமக்கு உருப்படியாக உதவுமா? அது முதலில் வங்கியின் கடனைக் காப்பாற்றுவதற்கானது. பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டும்தான். சோஃபா, ஃப்ரிட்ஜ், துணிமணி எதற்கும் காப்பு இருக்காது. விலையோ நாம் நேராக வாங்குவதைவிடப் பல மடங்கு இருக்கும். வங்கி தன் பொருளைக் காக்கிறது, புரிகிறது. அதற்கு என் பணத்தில் மிக விலை உயர்ந்த சரக்கைத்தான் எடுக்க வேண்டுமா?

இடைவெளி எப்படி விழுகிறது என்று பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். என் நண்பர் ஒருவர் கேட்டியில் இருக்கிறார், ப்ரீமியத்தை எஸ்க்ரோவில் (கடன் தவணையோடு நாம் போட்டு வைக்க, அவர்கள் நம் சார்பில் கட்டும் கணக்கு) மாதாமாதம் ஒழுங்காகக் கட்டி வந்தவர். அவருடைய கடனை நடுவில் வேறு சர்வீசருக்கு, அதாவது தவணை வசூலிக்கும் வேறு நிறுவனத்துக்கு, மாற்றிவிட்டார்கள். பாலிசியில் பழைய சர்வீசர் பெயரே இருந்ததால் புதுப்பிப்பு பில் அங்கேயே போய் முடங்கியது, புதியவர்கள் "எங்களுக்கு ஒன்றும் வரவில்லை" என்று இவருக்குக் கடிதம் எழுதினார்கள். எஸ்க்ரோவில் பணம் இவருடையது, அதை நேரத்துக்குக் கட்ட வேண்டிய கடமை அவர்களுடையது, ஃபோர்ஸ் ப்ளேஸ்டு பில் மட்டும் இவருக்கு! ஃபோன் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறு ஆள் எடுப்பார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பாவம் மனிதர், கடைசியில் பாலிசி நம்பர் அவருக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

வங்கிகள் இவ்வளவு அவசரப்படக் காரணம் இருக்கிறது. காப்பீடு இல்லாத கடன்களைத் தொடர்ந்து கண்டுகொள்ளாமல் விட்டால் ஒவ்வொரு மீறலுக்கும் அபராதம். முன்பு 350 டாலராக இருந்ததை 2012-இல் 2,000 ஆக்கினார்கள், ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று இருந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். தேவையே இல்லாமல் ஒரு பாலிசியை நம் தலையில் கட்டினாலோ, ஆதாரம் வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவர்களைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. இப்படி இருந்தால் எந்த வங்கி நிதானமாக விசாரிக்கும்? முதலில் வாங்கிப் போடு, அப்புறம் பார்க்கலாம் என்றுதான் போகும். வங்கி ஊழியர்களைத் திட்டிப் பயனில்லை, விதியே அந்தப் பக்கம் தள்ளுகிறது.

இதைவிட எனக்குப் புரியாத ஒன்று உண்டு. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் இதே மாதிரி இடைவெளி விழுந்தால், 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, சர்வீசர் இரண்டு கடிதம் அனுப்பியே ஆக வேண்டும். பணம் பிடிப்பதற்கு 45 நாள் முன்னால் ஒன்று, குறைந்தது 15 நாள் முன்னால் நினைவூட்டல் ஒன்று. ஆனால் சட்டப்படி கட்டாயமான வெள்ளக் காப்பீட்டை அந்த விதியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறதே என்பது சமாதானம். அந்தத் தனிச் சட்டத்தில் கட்டாயம் ஒரே ஒரு கடிதம்தான். வெள்ளத்துக்கும் அந்த இரண்டாவது கடிதத்தைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஒரு தபால் தலை!

கடிதம் கையில் வந்தவர்கள் செய்ய வேண்டியது இதுதான். பாலிசியின் டெக்லரேஷன் பக்கத்தை (சுருக்க விவரப் பக்கம்) உடனே எழுத்து மூலமாக அனுப்புங்கள், ஃபோனில் சொல்லி நிறுத்தாதீர்கள். பாலிசி நம்பரும் காப்பீட்டு நிறுவனம் அல்லது ஏஜென்ட்டின் தொடர்பு விவரமும் அதில் இருந்தால் வங்கி அதை ஆதாரமாக ஏற்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. "முழுப் பாலிசியும் வேண்டும்" என்று இழுத்தடித்தால் இதைச் சொல்லுங்கள். உங்கள் பாலிசியும் வங்கி வாங்கிய பாலிசியும் சேர்ந்து ஓடிய நாட்களுக்கான ப்ரீமியம் மட்டுமில்லை, அதோடு பிடித்த கட்டணங்களும் திரும்ப வர வேண்டும். என் நண்பருக்கு முதலில் ப்ரீமியம் மட்டும்தான் வந்தது, கட்டணத்துக்கு மறுபடி ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அரசுத் திட்டத்தின் பாலிசி என்றால் காலாவதியான பிறகும் 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் பணம் கட்டினால் காப்பு அறுபடாது. அந்த 30 நாளைத் தவறவிடாதீர்கள். ரிஸ்க் ரேட்டிங் 2.0 என்ற ஃபெமாவின் புதிய விலைக் கணக்கு முறைக்குப் பிறகு பல பழைய பாலிசிகளுக்கு ப்ரீமியம் ஆண்டுக்கு 18 சதவீத வரம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறுகிறது. விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால் அந்தச் சலுகை போய் முழு விலை வந்து உட்காரும்.

இன்னொன்று. 2025-இல் அமெரிக்க அரசு முடங்கியபோது அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்துக்கே புதிய பாலிசி விற்கும் அதிகாரம் இல்லாமல் போனது. நாடாளுமன்றம் நேரத்துக்கு நீட்டிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். அப்படிப்பட்ட காலத்தில் அந்தக் காப்பீடு இல்லாமலேயே வங்கிகள் கடன் கொடுக்கலாம் என்பது கண்காணிப்பு அமைப்புகளின் நிலைப்பாடு. அரசு விட்ட இடைவெளிக்கு யாரும் யாருக்கும் பின்தேதியிட்டு பில் அனுப்பவில்லை.