முகாமில் அளவெடுத்தால் மட்டும் போதுமா?

எங்கள் பகுதியில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான உபகரண அளவீட்டு முகாம் மறுபடியும் வரப்போகிறது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வழக்கமான கேள்விகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை ஜெராக்ஸ் எத்தனை, வருமானச் சான்று புதுசா வேணுமா, டோக்கன் எத்தனை மணிக்கு. இவற்றோடு இன்னொரு தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்பேன். அதில் உங்கள் பிள்ளையின் ஒரு முழு நாளை எழுதுங்கள். எதில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், யார் தூக்குகிறார்கள், வகுப்பில் எந்த பெஞ்சு, பாத்ரூம் போவது எப்படி, தாகம் எடுத்தால் யாரிடம் எப்படிச் சொல்கிறாள். முகாமில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. என் புகாரே அதுதான்.

என் மகளுக்கு மூளை முடக்குவாதம். சில வருடம் முன்பு ஒரு முகாமில் அவளுக்குச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். சீட்டில் இன்னொரு குழந்தையும் உட்காரலாம், அவ்வளவு அகலம். "வளர்ற பிள்ளைதானே, அப்புறம் சரியாயிடும்" என்றார் கொடுத்தவர், ஸ்கூல் யூனிஃபார்மைப் பெரிசாகத் தைத்துக்கொள்ளச் சொல்வதுபோல. கடைசியில் அந்த நாற்காலியில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது என் மாமனார்.

சீட் பெரிதாக இருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். இடுப்பு நிலையாக நிற்காவிட்டால் குழந்தை முன்னால் வழுக்கும், இல்லையென்றால் ஒரு பக்கம் சாயும். விழாமல் இருக்க இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டிருக்கும் கை எப்படி எழுதும், எப்படிப் படத்தைத் தொட்டுக் காட்டும்? நாளடைவில் முதுகெலும்பும் வளைய வாய்ப்பிருக்கிறது. இதற்கு நடுவில் பள்ளிக் குறிப்பேட்டில் "கையால் செயல்பட இயலாது" என்று ஏறிவிடும். நாற்காலியின் குறை பிள்ளையின் குறையாகப் பதிவாகிறது. சரியாக உட்கார வைத்த பிறகுதான் அந்தக் கை என்ன செய்யும் என்றே பார்க்க முடியும். இடுப்பு அகலம், பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை, அங்கிருந்து பாதம் வரை, முதுகு உயரம். இவ்வளவுதான் அடிப்படை அளவு. முழங்கால் மடிப்புக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரு இஞ்ச் டேப் போதும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டியில் மொத்தம் எட்டுப் படிகள் இருக்கின்றன. மதிப்பீடு அதில் ஒன்று. உட்கார வைத்துப் பொருத்திப் பார்ப்பது, பழக்குவது, பிறகு பழுது பார்ப்பது எல்லாம் தனித்தனிப் படிகள். நமக்கு முதல் இரண்டு மூன்று படி முடிந்ததும் போட்டோ எடுத்துவிடுகிறார்கள்.

காது பரிசோதனையை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கல்யாண மண்டபம், மைக்கில் டோக்கன் நம்பர், பக்கத்தில் குழந்தைகள் அழுகை, நடுவில் ஒரு மேஜை போட்டு ஆடியோகிராம். சின்னப் பிள்ளைகளுக்குக் காது வளர வளர காது மோல்டை, அதாவது காது மெஷினில் காதுக்குள் பொருந்தும் அச்சை, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கருவி கீச்சென்று கத்தும், பிள்ளை பிடுங்கி எறியும். "அவன் போட மாட்டேங்கிறான்" என்று அம்மாவும் பெட்டியில் வைத்து மூடிவிடுவாள்.

இன்னொரு குழப்பம், சான்றிதழில் போடும் குறைபாட்டுச் சதவீதம். 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் என்பதால் எல்லோரும் அந்த எண்ணையே பிடித்துத் தொங்குகிறோம். பார்வைக் குறைபாடுள்ள இரண்டு பிள்ளைகளின் சான்றிதழில் ஒரே எண் இருக்கலாம். ஒருவனுக்கு ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசும், இடத்தை மாற்றி உட்கார வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இன்னொருத்திக்குப் பெரிய எழுத்துப் புத்தகமும் சாய்வு மேஜையும் வேண்டும். எவ்வளவு பணம், என்ன சலுகை என்பதற்கு அந்த எண் உதவும். என்ன கருவி என்பதற்குப் பிள்ளையை வகுப்பறையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஜாய் ஜபாலா என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதற்கு ஒரு வரிசை சொன்னார். முதலில் பிள்ளை, அடுத்து அது புழங்கும் இடம், பிறகு அங்கே அது செய்ய வேண்டிய வேலை, கருவி கடைசியில். நம் முகாம் இதைத் தலைகீழாக நடத்துகிறது. லாரியில் என்ன வந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நாற்காலி, காலிபர் (காலைத் தாங்கும் பட்டை), காது மெஷின், கற்றல் கிட். பேச்சு வராத பிள்ளைக்கு அந்த லாரியில் பெரும்பாலும் எதுவும் இருக்காது, ஆகவே அவளுக்குத் தேவையும் இல்லை என்று ஆகிவிடும். எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது. ஒரு அட்டையில் பத்துப் படங்கள் ஒட்டிய பலகை போதும் தொடங்குவதற்கு. கை வராவிட்டால் கண்ணால் காட்டலாம். டேப்லெட் வசதி இருந்தால் சென்னையில் உருவான அவாஸ் மாதிரி, படத்தைத் தொட்டால் பேசும் செயலிகள் இருக்கின்றன. "படத்தைக் காட்டிப் பழகினால் பேச்சே வராமல் போயிடும்" என்று இன்னும் சில தெரபிஸ்டுகளே பயமுறுத்துகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை, தயவுசெய்து நம்பாதீர்கள்.

அப்புறம், கழிப்பறை. பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் குழுவில் எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். எந்த முகாமிலும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"ஒரு ஒன்றியத்தில் இத்தனை பிள்ளைகள், வீடு வீடாக யாரால் போக முடியும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கல்வித் துறையின் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் ஏற்கெனவே வீடுகளுக்குப் போகிறார்களே. எந்த வீட்டில் எத்தனை படிக்கட்டு என்று அவர்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வரும் முகாம் குழுவுக்கு அவர்கள் எழுதிய ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்தால் போதும். பிள்ளை சாப்பிடுவது, வகுப்பில் உட்காருவது என்று செல்போனில் இரண்டு நிமிட வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் கிராமப் பணியாளர்களை வீட்டுக்கே அனுப்புகிறது. அவர்கள் ஒரு செயலியில் பதிவதை நிபுணர்கள் பார்த்து வழி சொல்கிறார்கள். நம் ஊரிலேயே நடக்கிற காரியம்தான்.

பிள்ளையிடமும் கேட்க வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை இந்தப் பிள்ளைகளுக்கு உண்டு என்கிறது. என் மகளுக்கு வாக்கர் பள்ளியில் வேண்டாம், எல்லாரும் பார்க்கிறார்கள். வீட்டு வாசலில் வேண்டும். அதில் அவளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, நான் தலையிடுவதில்லை.

சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை பொருத்தமான உபகரணங்கள் இலவசம். "பொருத்தமான" என்ற அந்த வார்த்தையை முகாமில் சத்தமாகவே சொல்லுங்கள். ஒன்றிய அரசின் ஏடிஐபி என்ற உபகரண உதவித் திட்டத்தில் ஒரே உபகரணத்தை மறுபடி வாங்க மூன்று வருடம் ஆக வேண்டும், 12 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருடம் போதும். "போன தடவை வாங்கிட்டீங்களே" என்று திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு உதவி. டயர் பஞ்சரை எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் ஒட்டித் தந்துவிடுவார். கால் வைக்கும் தட்டு உடைந்தால், பெல்ட் அறுந்தால் உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? முகாமுக்குப் போகிறவர்கள் யாராவது விசாரித்து இங்கே எழுதுங்கள்.